இணைப்பு கொடுத்த பிறகும் தேதி நகரவில்லை என்றால்

கேள்வி: பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் கட்டப்பட்டுவரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் திட்டமிடல் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். எனக்கு முன்பு இருந்தவர் எக்செல்லில் வைத்திருந்த கால அட்டவணையை மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் ஏற்றி, விடுபட்ட சில வரிகளைச் சேர்த்து, வேலைகளை ஒன்றோடொன்று இணைத்தேன். ஏ பிளாக் ஃபுட்டிங் (தூண்களைத் தாங்கும் அடித்தளம்) 15 நாள் வேலை. 2025 மார்ச் 3 திங்களன்று தொடங்கி 21 வெள்ளியன்று முடிவதாக இருந்தது. தோண்டும்போது பாறை வந்ததால் கால அளவை 25 நாள் என்று மாற்றினேன். அடுத்த வேலையான பிளிந்த் பீம் (தரை மட்டத்தில் தூண்களை இணைக்கும் விட்டம்) சரியாக 10 நாள் தள்ளிப்போனது. ஏப்ரல் 15இல் தொடங்கவேண்டிய தரைத்தளத் தூண்கள் 4 நாள் மட்டுமே தள்ளிப்போயின. அதற்கடுத்த கூரை ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அடைப்பு) அசையவே இல்லை. நான் தொடாத பி பிளாக் வேலைகள் நகர்ந்துவிட்டன. ஒப்படைப்புத் தேதியோ அப்படியே நிற்கிறது. வேறு வழியின்றித் தூண்களின் பட்டையை மவுஸால் இழுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். பிறகு ஃபுட்டிங் 20 நாளிலேயே முடிந்துவிட்டதால் கால அளவைக் குறைத்தேன். பிளிந்த் பீமும் பி பிளாக்கும் முந்தி வந்தன, மற்றவை வரவில்லை. மென்பொருளில் கோளாறு, எக்செல்லுக்கே திரும்பிவிடலாம் என்கிறார் எங்கள் மேலாளர். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கோப்பை நான் பார்க்கவில்லை. ஆயினும் எந்த வேலை எத்தனை நாள் நகர்ந்தது, எது நகரவில்லை என்பதை நீங்கள் இவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பதால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கடிதத்திலிருந்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடிகிறது. மென்பொருளில் பழுது ஏதும் இல்லை. ஒரே பணியாளுக்கு இரண்டு அதிகாரிகள் வெவ்வேறு உத்தரவு போட்டுவிட்டு, அவன் ஒருவர் சொன்னதைச் செய்யவில்லை என்று கடிந்துகொள்வதைப் போன்றது உங்கள் அட்டவணையின் நிலை. “முந்தைய வேலை முடிந்த பிறகு தொடங்கு” என்பது நீங்கள் போட்ட இணைப்பு. “ஏப்ரல் 15க்கு முன் தொடங்காதே” என்பது எக்செல்லிலிருந்து யாரும் அறியாமல் உடன் வந்த தேதி. இரண்டுக்கும் பணிந்து நடக்க முயலும் மென்பொருள், நமக்குப் புரியாத ஒரு விடையைத் தருகிறது. ஆகவே நகராத ஒவ்வொரு வேலையிலும், அந்த இரண்டாவது உத்தரவை யார், எப்போது, எந்த வழியாகக் கொடுத்தார் என்று தேடுவதுதான் நாம் செய்யவேண்டிய காரியம்.

தூண்களிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அந்த 4 நாள் என்ற எண்தான் முழுக் கதையையும் சொல்கிறது. ஃபுட்டிங் மார்ச் 21இல் முடிந்தால், 10 நாள் பிளிந்த் பீம் மார்ச் 24 முதல் ஏப்ரல் 4 வரை நடக்கும். (பிளிந்த் பீமின் கால அளவை நீங்கள் எழுதவில்லை, 10 நாள் என்று வைத்துப் பார்த்தால் உங்கள் எண்கள் அத்தனையும் பிசகின்றிப் பொருந்துகின்றன.) இணைப்பின்படி தூண்கள் ஏப்ரல் 7 திங்களன்றே தொடங்கியிருக்கவேண்டும், ஆனால் உங்கள் அட்டவணையில் அவை ஏப்ரல் 15இல் இருந்தன. இடையிலுள்ள 6 வேலை நாளுக்கு இணைப்பில் எந்தக் காரணமும் இல்லை. முன்பு இருந்தவர் எக்செல்லில் தம் கைக்கணக்கில் போட்ட தேதி அது. நீங்கள் தொடக்கத் தேதிப் பத்தியோடு சேர்த்து ஏற்றியபோது, ப்ராஜெக்ட் அதை “ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்” என்னும் கட்டுப்பாடாகப் பதிவுசெய்துகொண்டது. ஃபுட்டிங் 10 நாள் தள்ளிப்போனதும் இணைப்பு கேட்ட தேதி ஏப்ரல் 21 ஆயிற்று. 15இலிருந்து 21க்கு 4 வேலை நாள்தான். மீதி 6 நாளை, ஏற்கெனவே சும்மா கிடந்த அந்த இடைவெளி விழுங்கிவிட்டது. கணக்கு சரியாகவே இருக்கிறது; இடைவெளி ஒன்று இருந்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

பிளிந்த் பீமிலும் இதே கட்டுப்பாடு இருக்கக்கூடும் என்பதைக் கவனியுங்கள். எக்செல் தேதியும் இணைப்பு கேட்ட தேதியும் அங்கே ஒன்றாக இருந்திருக்கும், அதனால் அது ஒழுங்காக நகர்வதுபோல் தோன்றுகிறது. ஃபுட்டிங் 20 நாளுக்குப் பதிலாக 12 நாளில் முடிந்திருந்தால், பிளிந்த் பீமும் மார்ச் 24ஐ விட்டு முந்தி வராமல் நின்றிருக்கும். தள்ளிப்போகும்போது ஒழுங்காக நடந்துகொண்டு, முந்தி வரவேண்டும்போது மட்டும் அடம்பிடிக்கும் வேலை எதுவானாலும் முதலில் இந்தக் கட்டுப்பாட்டையே சந்தேகியுங்கள்.

அடுத்து நீங்கள் பட்டையை இழுத்து வைத்தது. இதைத் திட்டமிடல் துறையில் இருக்கும் அனைவருமே எப்போதாவது செய்கிறார்கள். திரையில் உடனே சரியாகிவிட்டதுபோல் தெரிவதுதான் இதிலுள்ள ஆபத்து. வேலைகளைப் பட்டைகளாகக் காட்டும் காண்ட் வரைபடத்தில் பட்டையைப் பிடித்து இழுப்பதும், தொடக்கத் தேதிப் பத்தியில் ஒரு தேதியைத் தட்டச்சு செய்வதும் ப்ராஜெக்டைப் பொறுத்தவரை ஒன்றே. இரண்டுமே அந்த வேலையின் மேல் “இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே” என்ற முத்திரையைக் குத்திவிடுகின்றன. ஏப்ரல் 15இலிருந்து 10 வேலை நாள் தள்ளி, 29இல் தூண்களை நீங்கள் வைத்தபோது, பழைய 15க்குப் பதிலாக 29 என்பது கட்டுப்பாட்டுத் தேதி ஆகிவிட்டது. ஃபுட்டிங் 20 நாளில் முடிந்து, பிளிந்த் பீம் ஏப்ரல் 11இல் முடியும் என்றான பிறகு, இணைப்பு தூண்களை 14ஆம் தேதிக்கே அழைக்கிறது; முத்திரை 29இல் பிடித்து வைத்திருக்கிறது. முடிவுத் தேதிப் பத்தியில் தட்டச்சு செய்தாலும் கதை இதுதான், கட்டுப்பாட்டின் பெயர் மட்டும் “ஃபினிஷ் நோ எர்லியர் தேன்” என்று மாறும். நீங்கள் எக்செல்லிலிருந்து இரண்டு பத்திகளையும் ஏற்றியிருந்தால், இரண்டு வகையையும் கலந்தே எதிர்பார்க்கலாம்.

கூரை ஷட்டரிங் சிறிதும் அசையாததற்குக் காரணம் வேறு. தூண்கள் 4 நாளாவது நகர்ந்தன என்பதால் அவை தானாகக் கணக்கிடப்படும் “ஆட்டோ ஷெட்யூல்டு” முறையில் இருப்பது உறுதி. ஷட்டரிங்கோ, நீங்கள் இடையில் புதிதாகச் சேர்த்த வரிகளில் ஒன்றாக இருக்கும் என்பது என் ஊகம். ப்ராஜெக்டின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, நாம் மாற்றி அமைக்காதவரை, புதிய வேலைகள் அனைத்தும் “மேனுவலி ஷெட்யூல்டு” என்னும் கைமுறையில்தான் சேர்க்கப்படுகின்றன. கைமுறை வேலைக்கு இணைப்பு கொடுக்கும் அந்தக் கணத்தில் தேதி ஒருமுறை நகரும். அதைப் பார்த்து, இணைப்பு வேலைசெய்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். அதன்பின் முந்தைய வேலை எத்தனை நாள் தள்ளிப்போனாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். தேதியின் கீழ் சிவப்பில் ஒரு நெளிகோடு மட்டும் எச்சரிக்கையாக விழும். “டாஸ்க் மோடு” பத்தியில் அந்த வரிக்கு நேரே குண்டூசிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வரியைத் தேர்ந்தெடுத்து “டாஸ்க்” தாவலில் உள்ள “ஆட்டோ ஷெட்யூல்” பொத்தானை அழுத்துங்கள். அருகிலேயே “ரெஸ்பெக்ட் லிங்க்ஸ்” என்று ஒரு பொத்தான் இருக்கும். அது இப்போதைக்கு மட்டும் இணைப்பின்படி நகர்த்திவிட்டு வேலையைக் கைமுறையிலேயே விட்டுவிடும். அடுத்த தாமதத்தில் இதே கடிதத்தை நீங்கள் மறுபடி எழுத நேரும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இனிமேல் சேர்க்கும் வரிகளுக்காக, திரையின் அடிப்பட்டையில் “நியூ டாஸ்க்ஸ்” என்று எழுதியிருக்கும் இடத்தைச் சொடுக்கித் தானியங்கி முறைக்கு மாற்றிவிடுங்கள்.

குண்டூசி இல்லையென்றால் “ஆக்சுவல் ஸ்டார்ட்” பத்தியைப் பாருங்கள். தளப் பொறியாளர் யாராவது, பலகைகள் வந்து இறங்கிவிட்டன என்ற மகிழ்ச்சியில், ஷட்டரிங் 5 சதவீதம் முடிந்தது என்று சொல்ல, நீங்களும் அதைப் பதிந்திருந்தால், ப்ராஜெக்ட் அந்த வேலை திட்டமிட்ட நாளில் உண்மையாகவே தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். தொடங்கிவிட்ட வேலையின் தொடக்கத் தேதியை எந்த இணைப்பாலும் நகர்த்த முடியாது. சதவீதத்தைப் பூஜ்யம் ஆக்கினால் அந்தத் தொடக்கத் தேதியும் நீங்கிவிடும். பொதுவாகவே, சதவீதம் பதிவதற்கு முன் உண்மையான தொடக்கத் தேதியைப் பதியும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து வரும் தகவலில் “எத்தனை சதவீதம்” என்பதைவிட “என்றைக்குத் தொடங்கினீர்கள், இன்னும் எத்தனை நாள் ஆகும்” என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையே நம்பகமானது.

பி பிளாக் நகர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தலைப்பு வரிகளை இணைத்ததுதான். “ஏ பிளாக் – அடித்தளம்” என்ற தலைப்பு வரியிலிருந்து “பி பிளாக் – அடித்தளம்” என்ற தலைப்பு வரிக்கு ஓர் இணைப்பு போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டால், பி பிளாக்கின் தலைப்புக்கு அடியிலுள்ள எந்த வேலையும் ஏ பிளாக்கின் கடைசி வேலை முடியும்வரை தொடங்க முடியாது, அவற்றின் வரிகளில் முந்தைய வேலை என்று எதுவும் எழுதப்பட்டிராவிட்டாலும். உண்மையில் நீங்கள் சொல்லவந்தது, ஏ பிளாக்கில் தோண்டி முடித்த இயந்திரம் பி பிளாக்குக்கு வரும் என்பதாக இருக்கும். அப்படியானால் தோண்டும் வேலையிலிருந்து தோண்டும் வேலைக்கு இணைப்பு கொடுத்துவிட்டு, தலைப்புகளுக்கிடையிலான இணைப்பை எடுத்துவிடுங்கள். தலைப்பு வரிகளில் இணைப்பே வேண்டாம் என்பது என் அலுவலகத்தில் விதி.

ஒப்படைப்புத் தேதிக்கு வருவோம். அது நகராததற்கு இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். முதலாவது, ஷட்டரிங்கிலேயே சங்கிலி அறுந்துவிட்டதால் தாமதம் அதுவரை போய்ச் சேரவே இல்லை. அதைச் சரிசெய்த பிறகும் நகரவில்லையென்றால், அந்த வரியில் யாரோ “மஸ்ட் ஃபினிஷ் ஆன்” என்ற கட்டுப்பாட்டை வைத்திருக்கிறார்கள். வெறுமனே ஒரு தேதியைத் தட்டச்சு செய்திருந்தால் அது முந்தி வருவதைத்தான் தடுக்கும், தள்ளிப்போவதைத் தடுக்காது. இருபுறமும் அசையாமல் நிறுத்துவதற்கு ஒருவர் தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும். வரியின் இடது ஓரத்தில் சிவப்புப் புள்ளியுடன் ஒரு நாட்காட்டிப் படம் தெரியும். விருப்பங்கள் பகுதியில் “வேலைகள் தம் கட்டுப்பாட்டுத் தேதிகளை எப்போதும் மதிக்கும்” என்ற பொருளில் ஒரு தேர்வு, நாம் எடுக்காதவரை, குறியிடப்பட்டே இருக்கும். அது இருக்கும்வரை இணைப்பும் கட்டுப்பாடும் மோதினால் கட்டுப்பாடுதான் வெல்லும். முந்தைய வேலைகள் ஒப்படைப்பு நாளைத் தாண்டிப் போனாலும் ஒப்படைப்பு அங்கேயே நிற்கும். ஒரு வேலை ஒப்படைப்பைப் பாதிக்காமல் எத்தனை நாள் தாமதிக்கலாம் என்று காட்டும் “டோட்டல் ஸ்லாக்” பத்தியில் கழித்தல் குறியுடன் ஓர் எண் தோன்றும். அந்தக் கழித்தல் எண்தான் நீங்கள் எத்தனை நாள் பின்தங்கியிருக்கிறீர்கள் என்ற உண்மை. மோதல் ஏற்படும்போது ப்ராஜெக்ட் ஓர் எச்சரிக்கைப் பெட்டியையும் காட்டும். அதை ஒருமுறை பார்த்துச் சலித்து, இனி காட்டாதே என்று குறியிட்டவர்கள்தாம் நம்மில் அதிகம்.

இந்தத் தேதியைப் பூட்டி வைத்ததற்கு உங்கள் அலுவலகத்தில் ஒரு நியாயம் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி கர்நாடக ரேரா என்னும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுசெய்யும்போது, கட்டுமானத்தை எப்போது முடித்துத் தருவோம் என்று அறிவிக்கவேண்டியிருக்கிறது. அந்தத் தேதி அட்டவணையில் மாறித் தெரிந்தால் மேலிடத்தில் பதற்றம் உண்டாகும். ஆனால் திரையில் தேதியைப் பூட்டுவதால் கட்டடம் அந்த நாளில் முடிந்துவிடாது. அந்த வரியில் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, டாஸ்க் இன்ஃபர்மேஷன் பெட்டியின் “அட்வான்ஸ்டு” பக்கத்தில் “டெட்லைன்” என்ற கட்டத்தில் ரேராவுக்கு அறிவித்த தேதியை எழுதுங்கள். டெட்லைன் எந்த வேலையையும் நகர்த்தாது, தடுக்காது. வரைபடத்தில் ஒரு பச்சை அம்பாக நிற்கும். ஒப்படைப்பு அதைத் தாண்டினால் வரியின் ஓரத்தில் சிவப்பு எச்சரிக்கைக் குறி தோன்றும். சொன்ன தேதியும் வரப்போகும் தேதியும் இரண்டுமே கண்ணெதிரே இருக்கும். மேலாளரோடு பேசவேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நாட்களைப் பற்றித்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். 15 நாள் வேலை மார்ச் 3 திங்களன்று தொடங்கி 21 வெள்ளியன்று முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமையும் வேலைநாள் என்றால் அது 19ஆம் தேதி புதன்கிழமையே முடிந்திருக்கவேண்டும். ஆகவே உங்கள் கோப்பு, சனி ஞாயிறு இரண்டும் விடுமுறையான “ஸ்டாண்டர்டு” நாட்காட்டியில் ஓடுகிறது. சர்ஜாபூர் சாலையில் சனிக்கிழமை மூடிக்கிடக்கும் கட்டுமானத் தளத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. “சேஞ்ச் வொர்க்கிங் டைம்” பகுதியில் அந்த நாட்காட்டியின் நகல் ஒன்றை எடுத்து, சனிக்கிழமைக்கும் வேலை நேரம் கொடுத்து, “ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன்” பெட்டியில் அதைத் திட்டத்தின் நாட்காட்டியாக நியமியுங்கள். மே 1, நவம்பர் 1 ராஜ்யோத்சவம் போன்ற விடுமுறைகளை மென்பொருள் தானாக அறியாது. அவற்றையும், உங்கள் தளத்தில் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் அதிகம் என்றால் பொங்கல் வாரத்தையும் சேர்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் யாரும் ஓசூரைத் தாண்டி இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பது உங்கள் ஒப்பந்ததாரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

நாட்காட்டியை மாற்றிய பிறகும் சில வேலைகள் சனிக்கிழமையைத் தாவிச் செல்லக்கூடும். அவற்றுக்கு நீங்கள் கொத்தனார், கம்பி கட்டுபவர் என்று ஆட்களை ஒதுக்கியிருப்பீர்கள். ஆட்களுக்கென்று தனி நாட்காட்டி உண்டு, அது இன்னும் பழைய ஸ்டாண்டர்டையே பின்பற்றிக்கொண்டிருக்கும். “ரிசோர்ஸ் ஷீட்” பக்கத்தில் “பேஸ் கேலண்டர்” பத்தியை முழுவதும் புதியதற்கு மாற்றுங்கள். ஒரு நாள் வேலை மறுநாள் முடிவதாகக் காட்டினால், தேதி வடிவத்தை நேரத்துடன் காட்டும்படி மாற்றிப் பாருங்கள். விருப்பங்கள் பகுதியில் தொடக்க நேரம் 9 மணி என்றும் நாட்காட்டியில் 8 முதல் 5 என்றும் இருந்தால், 7 மணி நேரம் இன்றும் மிச்சமுள்ள ஒரு மணி நேரம் நாளைக் காலையும் என்று வேலை உடைந்துபோயிருக்கும். இரண்டு இடங்களிலும் ஒரே நேரம் இருக்கவேண்டும்.

நாட்காட்டியோடு சேர்ந்தது காத்திருப்பு நாள், அதாவது இணைப்பில் நாம் கொடுக்கும் “லேக்”. கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில், வெப்பநிலை 15 டிகிரிக்குக் குறையாத நிலையில், 4.5 மீட்டருக்கு மேல் ஸ்பான் (தாங்கிகளுக்கு இடையிலான தூரம்) உள்ள கூரைத் தளத்தின் முட்டுகளை 14 நாள் கழித்து எடுக்கலாம் என்கிறது, 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள். கலப்பு சிமெண்ட் என்றாலோ, பெங்களூரின் டிசம்பர், ஜனவரி இரவுகளிலோ உங்கள் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டுக் கூட்டிக்கொள்ளவேண்டும். இந்த 14 நாளை இணைப்பில் வெறும் 14 என்று கொடுத்தால் ப்ராஜெக்ட் அதை 14 வேலை நாள் என்று எண்ணும். மார்ச் 7 வெள்ளியன்று கான்கிரீட் போட்டதாக வைத்துக்கொண்டால், இப்போதைய ஐந்து நாள் நாட்காட்டியில் முட்டு எடுப்பது 28ஆம் தேதிக்குப் போய்விடும். ஆறு நாள் நாட்காட்டியில் 25. உண்மையில் நீங்கள் 22 சனிக்கிழமையே எடுத்துவிடலாம். அந்த விடை வரவேண்டுமானால், 14 என்ற எண்ணை ஒட்டி ஆங்கில எழுத்துகளான ஈ, டி இரண்டையும் தட்டச்சு செய்யவேண்டும்; அப்போது ப்ராஜெக்ட் விடுமுறையைப் பாராமல் கடிகார நாட்களாக எண்ணும். ஒரு தளத்துக்கு மூன்று முதல் ஆறு நாள் என்பது பத்து மாடிக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி, செய்யவேண்டிய வரிசை. கோப்பின் நகலை வேறு பெயரில் சேமித்துக்கொண்டு அதில் மட்டும் வேலை செய்யுங்கள். பேஸ்லைன் (தொடக்கத் திட்டத்தின் பதிவு) ஏற்கெனவே பதிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள்; மேலாளருக்கு ஒப்பிட்டுக் காட்ட அது தேவைப்படும். முதலில் நாட்காட்டி, ஏனென்றால் அது எல்லாத் தேதிகளையும் அசைக்கும். அடுத்து டாஸ்க் மோடு. அதன்பின் அட்டவணையில் “கன்ஸ்ட்ரெயின்ட் டைப்”, “கன்ஸ்ட்ரெயின்ட் டேட்”, “ஆக்சுவல் ஸ்டார்ட்”, “டோட்டல் ஸ்லாக்” ஆகிய பத்திகளைச் சேர்த்து, கட்டுப்பாட்டு வகையில் “ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்” (தேதிக் கட்டுப்பாடு இல்லாத இயல்பு நிலை) அல்லாத வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். எக்செல் வழி வந்த கோப்பு என்பதால் பட்டியல் நீளமாக வரும், அஞ்சவேண்டாம். எல்லாவற்றையும் ஒரே அடியாக நீக்கிவிடவும் வேண்டாம். அவற்றுள் உண்மையான தேதிகள் சில இருக்கும்: லிஃப்ட் தயாரிப்பாளர் தருவதாகச் சொன்ன நாள், மின்வாரியத்தின் இணைப்புக்காகக் குறித்த நாள், பக்கத்து மனையைக் காலிசெய்து தருவதாக நில உரிமையாளர் ஒப்புக்கொண்ட நாள். இவை நம் வேலையின் விளைவாக வருபவை அல்ல, வெளியிலிருந்து வருபவை. அவற்றுக்கு “ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்” பொருத்தமானதே. ஆனால் ஏன் வைத்தோம், யார் சொன்னார் என்று அந்த வரியின் குறிப்புக் கட்டத்தில் ஒரு வாக்கியம் எழுதிவையுங்கள். அப்படி ஒரு வாக்கியம் எழுத முடியாத கட்டுப்பாடு எதுவானாலும் எடுத்துவிடலாம். வரிகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, டாஸ்க் இன்ஃபர்மேஷன் பெட்டியில் ஒரே தடவையில் மாற்ற முடியும்.

கட்டுப்பாடுகளை எடுத்ததும் சில வேலைகள் திட்டத்தின் முதல் நாளுக்கே ஓடிப்போய் நிற்கும். அதைக் கண்டு பதறி மறுபடி தேதியைத் தட்டச்சு செய்துவிடாதீர்கள். முந்தைய வேலை என்று எதையும் குறிப்பிடாமல், தட்டச்சு செய்த தேதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்த வரிகள் அவை. இப்போதுதான் தாமாக வெளிப்பட்டிருக்கின்றன. அவை எதற்காகக் காத்திருக்கின்றன என்று தளத்தில் கேட்டு, அந்த வேலையோடு இணைத்துவிட்டால் சரியான இடத்துக்கு வந்துவிடும். உங்கள் பணியில் அதிக நேரம் பிடிக்கப்போவது இதுதான், அட்டவணை உண்மையிலேயே தேறுவதும் இங்கேதான்.

தனியொரு வேலை ஏன் இந்தத் தேதியில் நிற்கிறது என்று புரியாதபோது, அதைத் தேர்ந்தெடுத்து டாஸ்க் தாவலில் “இன்ஸ்பெக்ட்” பொத்தானை அழுத்துங்கள். அந்தத் தேதியைத் தீர்மானிப்பது முந்தைய வேலையா, கட்டுப்பாடா, நாட்காட்டியா, ஆட்களின் சுமையைச் சமன்செய்ததால் வந்த தாமதமா என்று பக்கத்துப் பலகையில் எழுதிக்காட்டும். இன்னொரு சிறு எச்சரிக்கை: மாத இறுதியில் “அப்டேட் ப்ராஜெக்ட்” வழியாக, முடியாத வேலைகளைக் குறிப்பிட்ட நாளுக்குப் பின் தள்ளும் வசதியைப் பயன்படுத்தினால், இன்னும் தொடங்காத வேலைகளின் மேல் அது தானே ஒரு கட்டுப்பாட்டை வைத்துவிடும். பயனுள்ள வசதிதான், பயன்படுத்திய மறுநாள் மேற்சொன்ன வடிகட்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஆகவே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம். எக்செல்லுக்கும் திரும்ப வேண்டாம், அங்கே ஃபுட்டிங் தள்ளிப்போனால் எல்லா வரிகளையும் கையால் திருத்தவேண்டியிருக்கும். ஏ பிளாக்கை முதல் தளக் கூரை வரை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். பிறகு ஃபுட்டிங்கின் கால அளவில் 10 நாளைக் கூட்டி, தூண்கள், ஷட்டரிங், கூரைக் கான்கிரீட் ஆகிய மூன்றும் 10 வேலை நாள் தள்ளிப்போகின்றனவா என்று பாருங்கள். கூட்டியதை எடுத்தால் அதே இடத்துக்குத் திரும்பவேண்டும். கடிகார நாளில் காத்திருப்பு கொடுத்த முட்டு எடுக்கும் வேலை மட்டும் ஞாயிற்றுக்கிழமையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின்னாக வரலாம், அது தவறல்ல. இந்தச் சோதனை தேறிய பின் மற்ற பிளாக்குகளுக்குச் செல்லுங்கள். எல்லாம் முடிந்து ஒப்படைப்பு நாள் மட்டும் 10க்குக் குறைவாக நகர்ந்தால், உடனே இணைப்பைச் சந்தேகிக்காமல், கூட்டிய 10 நாளை எடுத்துவிட்டு ஏ பிளாக் வரிகளின் டோட்டல் ஸ்லாக்கைப் பாருங்கள். அங்கே 3 என்று இருந்தால், பி பிளாக்தான் ஒப்படைப்பைத் தீர்மானிக்கிறது, ஏ பிளாக்குக்கு 3 நாள் அவகாசம் இருக்கிறது, ஒப்படைப்பு 7 நாள்தான் தள்ளிப்போகும் என்று பொருள். மேலாளரிடம் அந்த எண்ணையே சொல்லலாம்.